சோல்ஸ் வகை கேம்களுக்குப் புதிதா? எதில் ஆரம்பிப்பது என்று பார்ப்போம்

சோல்ஸ் வகை கேம் ஒன்றை வாங்கலாம் என்று நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது இதில் எது ஈசி என்பதைத்தான். எதுவும் ஈசி கிடையாது, அதனால் அந்தக் கேள்வியோடு தேடினால் ஆளுக்கு ஒரு பதில் வரும். ஒருவர் டார்க் சோல்ஸ் 3 என்பார், இன்னொருவர் எல்டன் ரிங் என்பார், மூன்றாமவர் செக்கிரோவை முடித்துவிட்டால் மற்றதெல்லாம் தூசு என்பார், மூன்று பேரும் அவரவர் அனுபவத்தில் சரியாகத்தான் சொல்கிறார்கள். புதிதாக வருகிறவர் வாங்குவதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி என்று எனக்குத் தோன்றுவது வேறு: ஒரு பாஸிடம் (வழியை மறித்து நிற்கும் பெரிய எதிரியிடம்) திரும்பத் திரும்ப அடிவாங்கி ஓரிடத்தில் மாட்டிக்கொண்டால் இந்த கேம் எனக்கு வேறு என்ன வழி தருகிறது? கேமைப் பாதியில் விட்டுவிடுகிறவர்கள் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் விடுகிறார்கள். அடி பலமாக இருப்பது மட்டும் அதற்குக் காரணமில்லை, அடுத்து என்ன செய்வது என்றே தெரியாமல் நிற்பதுதான் ஆளைச் சோர்வாக்குகிறது. எல்லா கேமையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே பார்க்கிறேன்.

இந்த வகையே தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். ஜப்பானின் ஃபிரம்சாஃப்ட்வேர் நிறுவனம் 2009இல் டீமன்ஸ் சோல்ஸ் என்ற கேமை வெளியிட்டது, இயக்கியவர் ஹிடெடாகா மியாசாகி. எதிரியைக் கொன்றால் கிடைக்கும் சோல்ஸ்தான் அதில் காசு, லெவல் ஏற்றவும் அதேதான். செத்தால் கையில் இருந்ததெல்லாம் செத்த இடத்தில் விழுந்து கிடக்கும், திரும்பிப் போய் எடுக்க ஒரே ஒரு வாய்ப்பு, போகிற வழியில் மறுபடி செத்தால் அவ்வளவுதான், போச்சு. வாளை வீசினாலும் உருண்டாலும் ஸ்டாமினா என்ற தெம்பின் அளவு குறையும், அதனால் பட்டனைச் சும்மா தட்டிக்கொண்டே இருக்க முடியாது. 2011இல் வந்த டார்க் சோல்ஸ் இதோடு போன்ஃபயரைச் சேர்த்தது: அங்கே உட்கார்ந்தால் உயிர் நிரம்பும், கொன்ற எதிரிகளும் எழுந்து வந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் இந்த அடிப்படையை ஒவ்வொரு பக்கம் இழுத்துப் பார்த்தவைதான்.

சரி, எல்டன் ரிங். பெரும்பாலானவர்களுக்கு என் பதில் இதுதான், காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2022 பிப்ரவரியில் வந்தது, பிளே ஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், பிசி மூன்றிலும் கிடைக்கிறது. கேம் தொடங்கி வெளியே வந்த உடனே லிம்கிரேவ் என்ற பெரிய வெட்டவெளி, அதில் கண்ணெதிரே தங்கக் கவசம் போட்ட ஒரு குதிரை வீரன் ரோந்து சுற்றுகிறான். ட்ரீ சென்டினல் என்று பெயர். புதியவர் அவனிடம் போனால் இரண்டு மூன்று அடியில் கதை முடியும். அவனை அந்த இடத்தில் வைத்திருப்பதே ஒன்றைச் சொல்லிக்கொடுக்கத்தான், இப்போது முடியாது என்றால் சுற்றிக்கொண்டு போ, பலம் சேர்த்துக்கொண்டு பிறகு வா. இந்தப் பாடம் கேம் முழுக்கச் செல்லும். ஸ்டார்ம்வேல் கோட்டை வாசலில் மார்கிட் என்ற பாஸ் வழிமறிப்பான், புதியவர்கள் மொத்தமாக மாட்டுகிற இடம் அதுதான். அங்கே மாட்டினால் தெற்கே வீப்பிங் பெனின்சுலா என்று ஒரு முழுப் பகுதியே இருக்கிறது, அங்கே போய் குகைகளையும் சின்ன பாஸ்களையும் பார்த்து, ஆயுதத்தை ஏற்றி, மருந்துக் குடுவையைக் கூட்டிக்கொண்டு வரலாம். மார்கிட்டையும் கோட்டையையும் தொடாமலே பக்கவாட்டுப் பாதையில் அடுத்த பகுதியான லியூர்னியாவுக்குப் போய்விடலாம், கேம் தடுக்காது. ஸ்பிரிட் ஆஷ் என்று துணைக்கு ஆவிகளை அழைக்கும் வசதி இருக்கிறது, ஆரம்பத்திலேயே மூன்று ஓநாய்கள் கிடைக்கும், அவை பாஸின் கவனத்தைத் திருப்பும் நேரத்தில் நீங்கள் மூச்சு வாங்கலாம், அவன் எப்படி அடிக்கிறான் என்று தள்ளி நின்று பார்க்கலாம். பல பாஸ்களுக்குப் பக்கத்திலேயே மீண்டும் எழும் இடம் உண்டு, செத்துவிட்டுப் பாதி ஊரை ஓடிக் கடக்க வேண்டியதில்லை.

சிலர் ஆவிகளை அழைத்தால் அது நேர்மையான வெற்றி ஆகாது என்பார்கள். தயவுசெய்து அதைக் காதில் வாங்காதீர்கள். கேமை உருவாக்கியவர்களே கையில் கொடுத்த கருவி அது, பாஸ்கள் பலரை அதை மனதில் வைத்தே வடிவமைத்திருக்கிறார்கள் என்று விளையாடும்போதே தெரியும்.

எல்டன் ரிங்கில் புதியவர்களைக் கவிழ்க்கும் விஷயங்களும் இருக்கின்றன. ஒன்று, அதன் அளவு. நிதானமாகச் சுற்றிப் பார்த்து முடிக்க 100 மணி நேரம்கூடப் போகும், எங்கே போவது என்று யாரும் கைபிடித்துக் காட்ட மாட்டார்கள், ஓய்வெடுக்கும் இடங்களிலிருந்து கிளம்பும் ஒளிக்கீற்று திசையை மட்டும் காட்டும், நீங்கள் அதற்குத் தயாரா என்று சொல்லாது. இரண்டாவது, ஆரம்பத்தில் பயிற்சி தரும் குகை ஒன்று இருக்கிறது, பள்ளத்தில் குதித்தால்தான் அதற்குள் போக முடியும், பயந்துபோய்க் குதிக்காமல் கதவு வழியாக வெளியேறிவிட்டுப் பத்து மணி நேரம் கழித்தும் கார்ட் கவுன்டர் (அடியைத் தடுத்த உடனே திருப்பி அடிப்பது) என்றால் என்ன என்று தெரியாமல் இருப்பவர்கள் நிறைய. குதித்துவிடுங்கள். மூன்றாவது விகர். லெவல் ஏற்றும்போது எல்லோரும் அடியின் பலத்தில்தான் புள்ளிகளைப் போடுவார்கள், உயிரின் அளவைக் கூட்டும் விகரை மறந்துவிடுவார்கள், அப்புறம் பாதிக்கு மேல் ஒவ்வொரு பாஸும் ஒரே அடியில் கொல்கிறான் என்று புலம்புவார்கள். முதலில் விகரை 20க்குக் கொண்டுபோங்கள், கேமின் நடுப்பகுதி தாண்டும்போது 40 அருகே இருந்தால் நல்லது. இன்னொரு எச்சரிக்கை: 2025இல் வந்த எல்டன் ரிங் நைட்ரெய்ன் என்பது மூன்று பேர் கூட்டாக வேகமாக ஓடி முடிக்கும் தனி கேம், பெயரைப் பார்த்து முதல் கேமாக அதை வாங்கிவிடாதீர்கள். 2024இல் வந்த ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ என்ற கூடுதல் பகுதியும் உடனே தேவையில்லை, அதற்குள் நுழையவே ராடான், மோக் என்று இரண்டு பெரிய பாஸ்களை முடித்திருக்க வேண்டும்.

இவ்வளவு பெரிய உலகம் வேண்டாம், நேராக ஒரு பாதையில் போய் ஒவ்வொன்றாக முடிக்கத்தான் பிடிக்கும் என்கிறவர்களுக்கு 2016இல் வந்த டார்க் சோல்ஸ் 3 ஒரு நல்ல தேர்வு. போன்ஃபயர்கள் நெருக்கமாக இருக்கும், ஆரம்பத்திலிருந்தே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவலாம், கையாள்வது இன்றைய கேம்களைப் போலவே வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் நான் கேட்கச் சொன்ன கேள்வியை இதனிடம் கேட்டால் பதில் அவ்வளவு தாராளமாக வராது. கேம் ஆரம்பித்துச் சில நிமிடங்களிலேயே யூடெக்ஸ் குண்டிர் நிற்கிறான், அவனைத் தாண்டாமல் எங்கும் போக முடியாது, பாதியில் அவன் உடலிலிருந்து கறுப்பாக ஒன்று வெடித்துக் கிளம்பும்போது முதல்முறை விளையாடுகிறவர் அதிர்ந்துதான் போவார். அவனுக்கு அப்புறமும் பாதை பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான். மாட்டினால் எதிரிகளைத் திரும்பத் திரும்பக் கொன்று லெவல் ஏற்றலாம், எம்பர் என்ற பொருள் இருந்தால் வேறொருவரை உதவிக்கு அழைக்கலாம், இல்லையென்றால் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

முதல் டார்க் சோல்ஸ் எனக்கு மிகவும் பிடித்த கேம், இருந்தாலும் அதைப் பற்றி ஜாக்கிரதையாகவே சொல்கிறேன். இப்போது வாங்குவதென்றால் 2018இல் வந்த ரீமாஸ்டர்ட் பதிப்பு. இது மெதுவான கேம், கேடயத்தைத் தூக்கிப் பிடித்து நிதானமாக முன்னேறினால் நிறைய தூரம் போகலாம், வேகமான விரல்கள் இல்லாதவர்களுக்கு மற்ற எதையும்விட இது பொருந்தும். முதல் பாஸே எவ்வளவு அழகாகச் சொல்லிக்கொடுக்கிறான் பாருங்கள்: உடைந்த வாளின் கைப்பிடி மட்டும் கையில் இருக்கும்போது மாபெரும் அசைலம் டீமன் குதித்து வருகிறான், சண்டை போட முடியாது, இடப்பக்கம் ஒரு கதவு திறந்திருக்கிறது, அதைக் கவனித்து ஓடித் தப்பிப்பவர் உள்ளே ஆயுதங்களை எடுத்துக்கொண்டு மேல் மாடத்திலிருந்து அவன் தலையில் குத்திக்கொண்டே இறங்கலாம். சண்டைக்கு முன் சுற்றுமுற்றும் பார் என்பதை ஒரு வார்த்தை சொல்லாமல் புரியவைத்துவிடுகிறார்கள்.

பிரச்சினை அதற்கு அடுத்து. ஃபயர்லிங்க் ஷ்ரைன் என்ற இடத்தில் இறக்கிவிட்ட பிறகு வழிகள் பிரிகின்றன. ஒன்று கல்லறைக்குப் போகும், அங்கே எலும்புக்கூடுகள் பிய்த்து எறியும். இன்னொன்று கீழே நியூ லண்டோவுக்குப் போகும், அங்குள்ள பேய்களைச் சாதாரண ஆயுதத்தால் தொடக்கூட முடியாது. மலையோரம் மேலே ஏறிப் போகும் அண்டெட் பர்க்தான் சரியான வழி, ஆனால் அது பார்த்த உடனே கண்ணில் படாது. கல்லறையில் பலமுறை செத்துவிட்டு இந்த கேமே இப்படித்தான் போல என்று மூடிவைத்தவர்கள் எத்தனையோ பேர். அதோடு ஏறக்குறைய பாதி கேம் வரை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவ முடியாது, எல்லாம் நடைதான். நடப்பதால்தான் அந்த ஊர் மனப்பாடம் ஆகிறது, பல மணி நேரம் போராடித் தேவாலயம் வரை ஏறிய பிறகு அங்கே ஒரு லிஃப்டில் இறங்கினால் ஆரம்பித்த ஃபயர்லிங்கிலேயே வந்து நிற்போம், அந்தக் கணத்தில் வரும் நிம்மதியை இதன் பிறகு வந்த எந்த கேமும் எனக்கு அதே அளவில் தரவில்லை. பொறுமை இருக்கிறவர், பழைய கேம்களின் கரடுமுரடைப் பொறுத்துக்கொள்கிறவர் என்றால் இதிலேயே ஆரம்பிக்கலாம். மற்றவர்கள் இதை இரண்டாவதாக வைத்துக்கொள்வது நல்லது. கடைசிக் கால்பங்கில் வேலை முடியாமல் விட்டதுபோல சில பகுதிகள் இருக்கின்றன, பெட் ஆஃப் கேயாஸ் என்ற பாஸ் சண்டை உண்மையிலேயே மோசம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஃபிரம்சாஃப்ட்வேர் அல்லாதவற்றில் நான் தைரியமாகக் கைகாட்டுவது கொரியாவில் உருவாகி 2023இல் வந்த லைஸ் ஆஃப் பி. பினோக்கியோ கதையை எடுத்துக்கொண்டு, பொம்மைகள் வெறிபிடித்து மனிதர்களைக் கொல்லும் கிராட் என்ற நகரத்தில் வைத்திருக்கிறார்கள். ஒரே பாதை, தெளிவான கதை, எங்கே போவது என்ற குழப்பமே வராது. எதிரியின் அடி படும் அதே நொடியில் தடுக்கும் பர்ஃபெக்ட் கார்டுதான் இதன் உயிர்நாடி, அது கைவராதவர்களுக்கு முதல் சில பாஸ்கள் கடுமையாகத்தான் இருக்கும். ஆனால் சின்னச் சின்ன இரக்கங்கள் நிறைய இருக்கின்றன. பாஸிடம் செத்தால் நீங்கள் இழந்த எர்கோ (சோல்ஸுக்குப் பதிலாக இதில் இருக்கும் காசு) சண்டைக் களத்துக்கு உள்ளே கிடக்காது, வாசலுக்கு வெளியே கிடக்கும், எடுத்துக்கொண்டு திரும்பிப் போய்விடலாம். மருந்து தீர்ந்துவிட்டாலும் எதிரியை அடித்துக்கொண்டே இருந்தால் ஒன்று மீண்டும் நிரம்பும். பெரும்பாலான பாஸ்களுக்கு முன் துணைக்கு ஒரு ஆவியை அழைக்கலாம். ஒரு ஆயுதத்தின் கைப்பிடியைக் கழற்றி இன்னொன்றின் வெட்டும் பகுதியோடு பொருத்தலாம், இதை வைத்தே மணிக்கணக்கில் விளையாடிப் பார்க்கலாம். இதையெல்லாம்விடப் பெரியது, 2025இல் வந்த அப்டேட்டில் கடின அளவைத் தேர்ந்தெடுக்கும் வசதியே வந்துவிட்டது. மாட்டிக்கொண்டால் என்ன வழி என்ற கேள்விக்கு இதைவிட நேரடியான பதில் கிடையாது. தூய்மைவாதிகள் கோபப்படலாம், ஆனால் வேலை முடிந்து வந்து ராத்திரி ஒரு மணி நேரம் மட்டும் விளையாடக் கிடைக்கிற ஒருவர் கதையை முழுசாகப் பார்க்க முடிவது நல்ல விஷயம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அடுத்தது செக்கிரோ. 2019இல் வந்தது, அந்த வருடத்து தி கேம் அவார்ட்ஸில் சிறந்த கேம் விருதையும் வாங்கியது. வாள் சண்டை என்று வந்துவிட்டால் இதற்கு இணையாக நான் எதையும் விளையாடியதில்லை, ஆனாலும் முதல் கேமாக இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வருவதில்லை. காரணம் அதே கேள்விதான். இதில் வழக்கமான லெவல் கிடையாது, வேறு ஆயுதத்துக்கு மாற முடியாது, கவசம் கிடையாது, துணைக்கு யாரையும் அழைக்க முடியாது. அடியின் பலம் கூடுவதே பெரும்பாலும் முக்கிய பாஸ்களை வென்றால்தான். ஆஷினா கோட்டை உச்சியில் கெனிச்சிரோ நிற்கும்போது உங்களிடம் இருப்பது ஒரு வாளும் அதுவரை நீங்கள் கற்றுக்கொண்டதும்தான். பின்வாங்கி உருண்டு தப்பிக்கும் டார்க் சோல்ஸ் பழக்கம் இங்கே உதவாது, நெருங்கி நின்று அவன் வாளைத் தாளம் தப்பாமல் தட்டித் தட்டி அவனுடைய நிலைகுலைவுக் கோட்டை நிரப்ப வேண்டும். அதனாலேயே ஒரு வேடிக்கை: சோல்ஸ் கேம்களில் ஊறியவர்களைவிட எதுவுமே விளையாடாத சிலர் செக்கிரோவைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள், அவர்களுக்கு மறக்கவேண்டிய பழக்கம் எதுவும் இல்லை. லெவல், புள்ளி, பில்ட் என்று மண்டையைக் குழப்பும் எதுவும் வேண்டாம், நேரம் பார்த்து பட்டன் அழுத்துவதில் எனக்கு ஈடுபாடு உண்டு, ஒரே பாஸிடம் ஒரு வாரம் செலவழித்தாலும் சலிக்காது என்கிறவர் தாராளமாக இதில் ஆரம்பிக்கலாம். பாழடைந்த கோயில் பக்கத்தில் ஹன்பெய் என்று சாகாத ஆள் ஒருவன் பயிற்சிக்கென்றே நிற்கிறான், அவனிடம் நேரம் செலவிடாமல் போகாதீர்கள். இன்னொன்று, இந்தக் கூட்டத்தில் வழக்கமான கேம்களைப் போல நடுவில் நிறுத்தி வைக்க முடிகிற ஃபிரம்சாஃப்ட்வேர் கேம் இதுதான், குழந்தை அழுதால் எழுந்து போகவேண்டிய வீட்டில் அது சின்ன விஷயம் இல்லை.

பிளட்போர்ன் 2015இல் பிளே ஸ்டேஷன் 4க்கு வந்தது, இன்றுவரை பிசிக்கு வரவில்லை, பிளே ஸ்டேஷன் 5இல் போட்டாலும் நொடிக்கு அதே 30 பிரேம்தான். யார்னம் நகரத்தின் அந்த இருட்டும் வேகமும் யாரையும் இழுத்துவிடும், அடிபட்ட உடனே திருப்பி அடித்தால் இழந்த உயிரில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும் என்ற விதி உங்களை முன்னே தள்ளிக்கொண்டே இருக்கும். ஆனால் புதியவருக்கு முதல் சில மணி நேரம் கொடுமை. ஒரு பாஸையாவது பார்த்து இன்சைட் என்ற ஒன்று கிடைக்கும் வரை லெவலே ஏற்ற முடியாது என்பதைப் பலரும் தெரியாமல் விளையாடுகிறார்கள். மருந்தும் தானாக நிரம்பாது, பிளட் வயல் தீர்ந்தால் காசு கொடுத்து வாங்க வேண்டும், அல்லது எதிரிகளைக் கொன்று சேர்க்க வேண்டும், அதாவது ஒரு பாஸிடம் தோற்கத் தோற்க அடுத்த முயற்சி இன்னும் கடினமாகிறது. மாட்டுகிறவனை இன்னும் கொஞ்சம் அழுத்துகிற கேம் இது. கையில் பிளே ஸ்டேஷன் மட்டும்தான் இருக்கிறது என்றாலும் எல்டன் ரிங்குக்குப் பிறகே இதைத் தொடுங்கள். டீமன்ஸ் சோல்ஸின் 2020 மறு உருவாக்கம் பிளே ஸ்டேஷன் 5க்கு மட்டும், பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி, பாஸ்களும் கொஞ்சம் சாதுவானவர்கள், ஆனால் ஒரு பாஸுக்கும் அடுத்த பாஸுக்கும் நடுவில் ஓய்வெடுக்க இடமே இல்லாமல் நீண்ட பாதையை ஒவ்வொரு முறையும் நடக்க வேண்டியிருக்கும்.

டார்க் சோல்ஸ் 2ஐ முதல் கேமாக எடுக்க வேண்டாம், உருண்டு தப்பிப்பது எவ்வளவு வேலை செய்யும் என்பதையே லெவல் ஏற்றும்போது புள்ளி போடுகிற ஒரு திறனுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள், செத்துக்கொண்டே இருந்தால் உயிரின் உச்ச அளவும் குறைந்துகொண்டே போகும். டீம் நிஞ்ஜாவின் நியோ ஆழமான சண்டை கேம், ஆயுதத்தைப் பிடிக்கும் மூன்று நிலைகள், இழந்த தெம்பைத் திரும்பப் பெறும் கி பல்ஸ், மூட்டை மூட்டையாக ஆயுதங்கள், இதையெல்லாம் ஒரே நேரத்தில் புதியவர் தலையில் ஏற்றினால் தாங்காது. சீனாவிலிருந்து 2024இல் வந்த பிளாக் மித்: வுகாங் வேறு ரகம், செத்தாலும் சேர்த்த புள்ளிகள் போகாது, திறன்களை எத்தனை முறை வேண்டுமானாலும் காசில்லாமல் மாற்றி அமைக்கலாம், கதையும் காட்சிகளும் பிரமாதம். பாஸ் சண்டை மட்டும் போதும் என்பவர் இதில் தொடங்கலாம், சோல்ஸ் கேம்களின் தேடல் சுகம் இதில் குறைவு.

வாங்குவதற்கு முன் சில விஷயங்கள். பிசியில் விளையாடினாலும் கன்ட்ரோலர் இல்லாமல் இறங்காதீர்கள். விளையாடிக்கொண்டிருக்கும்போதே மெனுவில் போய் வெளியேறினால் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே சேவ் ஆகும், ஆகவே நிறுத்த முடியாது என்பதற்காகப் பயப்பட வேண்டாம். இந்த கேம்களில் தமிழ் சப்டைட்டில் எதிலும் இல்லை, ஃபிரம்சாஃப்ட்வேர் கேம்களில் கதையில் பாதி பொருட்களின் விவரக் குறிப்புகளில், அதுவும் பழங்கால ஆங்கில நடையில் இருக்கும், அது புரியாவிட்டாலும் விளையாட்டு குறையாது. பிசி கேம்கள் விற்கும் ஸ்டீம் தளத்தில் வாங்கினால் 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். உங்கள் பிசி தாங்குகிறதா என்று பார்க்க அந்த 2 மணி நேரம் போதும், பிடிக்கிறதா என்று முடிவெடுக்கப் போதாது, எல்டன் ரிங்கில் அதற்குள் நீங்கள் மார்கிட்டைப் பார்த்திருக்கக்கூட மாட்டீர்கள்.

ஆக, சுற்றித் திரியப் பிடிக்கும் என்றால் எல்டன் ரிங், நேர்ப்பாதையும் கதையும் வேண்டும், நேரமும் குறைவு என்றால் லைஸ் ஆஃப் பி. பிசி கொஞ்சம் பழையது என்றால் இவை இரண்டையும் விட்டுவிட்டு டார்க் சோல்ஸ் ரீமாஸ்டர்டை எடுங்கள், அது மிகக் குறைந்த வசதியிலும் ஓடும், ஃபயர்லிங்கில் இறங்கியதும் கல்லறைப் பக்கம் திரும்பாமல் மலையோரப் படிகளில் ஏறுங்கள்.